ஸ்பேனர் பாக்க வந்தவரு

இல்ல சார், அப்படிப் பாக்கக் கூடாது. மூக்குகிட்ட கொண்டு போயி மோந்து பாக்குறதுக்கு அது என்ன கருவாடா? ஸ்பேனர் சார். மொதல்ல கைப்பிடிய வெரலால தடவணும், கண்ணு அப்புறந்தான். ம், அப்படித்தான். ஓரத்துல கோடு கணக்கா ஒரு மேடு தட்டுப்படுதா? அது ரெண்டு அச்சு சேந்த எடம். அதத் தேச்சு வழுவழுன்னு ஆக்கியிருந்தா பொறுமையாச் செஞ்ச சரக்கு. சொரசொரன்னு விட்டிருந்தா, லோடு போற அவசரத்துல அடிச்சுத் தள்ளுனது. தட்டுப்படுதா இல்லையா? ஆமான்னு சொல்லீட்டு எதுக்கு என் மூஞ்சியப் பாக்குறீக, ஸ்பேனரப் பாருங்க.

பேரு என்னன்னு சொன்னீக? எழில். ஊரு கோயம்புத்தூரு. பழைய ஸ்பேனர் சேக்குறதுக்குன்னே இந்த வேகாத வெயில்ல விருதுநகரு வரைக்கும் பைக்குல வந்திருக்கீக. அதுலயும் பைக்குல சிவகாசி நம்பரு. ஓ, பிரண்டோட வண்டியா? சரி சரி. பிரண்டு நல்லவரு, பெட்ரோல் போட்டே குடுத்திருக்காரு. சிரிக்கல சார், எனக்கு மூஞ்சியே இப்படித்தான்.

மொதலாளி இல்ல. சீனிவாசகம் மொதலாளி தாயில்பட்டிக்குப் போயிருக்காக. அங்கன ஒரு தீப்பெட்டி ஆபீஸ மூடுறாகளாம், மிஷினு ஏதாச்சும் எடைக்கு வருதான்னு பாக்க. லோடு எறக்குற முனியராஜும் வண்டிய எடுத்துக்கிட்டு மல்லாங்கிணறு போயிட்டாரு. கடையில இப்ப நான் மட்டுந்தான். நானா? நான் எல்லாம் பாப்பேன். எடை போடுவேன், பித்தளை வேற இரும்பு வேறன்னு பிரிப்பேன், வர்றவுகளுக்குப் பதில் சொல்லுவேன். இந்த ஆம்பளச் சட்டையப் பாத்துட்டு, வேலைக்கு இருக்கிற பொண்ணுன்னு நெனச்சீகளாக்கும். நெனச்சுக்கோங்க, தப்பில்ல. ஆனா ஒண்ணு, பழைய இரும்புக்கடைக்குள்ள செருப்ப வாசல்ல விட்டுட்டு வெறுங்காலோட வர்ற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன். கோயிலா சார் இது? ஆணி கெடக்கும், பாத்து.

சரி, நீங்க கொண்டாந்தத எடுங்க, அதையும்தான் பாப்பமே. துணியில சுத்தி, ரப்பர்பேண்டு போட்டு, ம். ஒங்க தாத்தாவுக்கு வெள்ளக்காரன் குடுத்த ஸ்பேனரா? எந்த வெள்ளக்காரன் சார்? இங்கன பாருங்க, பதினெட்டு மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. அந்தக் காலத்து வெள்ளக்காரனுக்கு மில்லிமீட்டரே ஆகாது. அவனுக்கு எல்லாம் இஞ்சுதான். நம்ம மெக்கானிக்கு நூல்னு சொல்றாரு பாருங்க, நாலு நூலு, அஞ்சு நூலுன்னு, அந்தக் கணக்கு. அப்புறம் இந்தத் துரு. தொட்டா வெரல்ல மஞ்சளா ஒட்டுது. இது உப்புத் தண்ணியில ஊறப் போட்ட துரு சார். வயசான துரு இப்படிக் கையில ஒட்டாது. கருப்பட்டி நெறத்துல இரும்போட இரும்பாப் படிஞ்சு கெடக்கும். எங்க வாங்குனீக? தாத்தா குடுத்ததா? தாத்தா எந்தச் சந்தையில வாங்குனாரோ பாவம்.

கோவிச்சுக்காதீக. டீ குடிங்க, எதுத்த கடையில சொல்லி வாங்கியிருக்கேன். அந்த ஸ்டூல எதுக்கு வாசலுக்கு இழுத்துப் போடுறீக? உள்ள பேன் ஓடுது. அங்கனதான் உக்காருவீகளா? சரி, ஒங்க இஷ்டம்.

இப்ப உண்மையான சரக்கக் காட்டுறேன். இந்தப் பெட்டியில இருக்கிறது விக்கிறதுக்கு இல்ல, பாக்குறதுக்கு மட்டுந்தான். இது மொதலாளி மக சேத்து வச்சது. பிரீத்திகான்னு பேரு. ஏன் சார், டீ பொரையேறுது? மெதுவாக் குடிங்க. பொண்ணு ஸ்பேனர் சேக்கக் கூடாதா? பி.காம் படிச்சுட்டு, சேலையும் வளையலும் சேக்காம இரும்பச் சேக்குதேன்னு வீட்டுலயும் இதே பேச்சுதான். சாக்க அவுத்துக் கொட்டும்போது மத்தவுகளுக்கு அது எடை. அந்தப் பொண்ணு மட்டும் குத்தவச்சு உக்காந்து, இது எங்கேருந்து வந்திருக்கும், எந்தக் கையில இருந்திருக்கும்னு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே இருக்கும். சோத்துக்குக் கூப்புட்டாலும் காது கேக்காது.

இந்தா, இதப் பாருங்க. அரைன்னு போட்டுப் பக்கத்துல டபிள்யூன்னு ஒரு எழுத்து இருக்கா? அரை இஞ்சுன்னா வாயி அரை இஞ்சு இருக்கணும்ல, அளந்து பாருங்க. கிட்டத்தட்ட ஒரு இஞ்சு இருக்கும். ஏன்னா அவன் வாயோட அளவ எழுதல, உள்ள போற போல்ட்டோட தடிமன எழுதியிருக்கான். இது தெரியாம புதுசா சேக்குறவுக எல்லாம் அளவு தப்பாப் போட்டிருக்கான்னு சண்டைக்கு வருவாக. இதுல பாருங்க, காக்கா கால் வச்ச மாதிரி மூணு கோடு. அது பட்டாளத்துச் சரக்கு, சர்க்காரு அடையாளம். இது சிவகாசி அச்சாபீஸ் மிஷினோட கப்பல்ல வந்தது. வெஸ்ட் ஜெர்மனின்னு இருக்குல்ல, அப்ப அந்த ஊரு ரெண்டாப் பிரிஞ்ச பெறகு, மறுபடி ஒண்ணாச் சேர்றதுக்கு முன்னாடி செஞ்சது. இந்த நெளிஞ்சது மல்லாங்கிணத்துல ஒரு கெணத்து எஞ்சினோடது. முனையில ஓட்ட போட்டிருக்குல்ல, அது கம்பெனி போட்டது இல்ல. களவு போயிரும்னு எஞ்சினோட சேத்துக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காரு அந்தத் தோட்டத்துச் சம்சாரி. இது பின்பக்கம் சப்பளிஞ்சு கெடக்கு பாருங்க, எவனோ சுத்தியலத் தேடச் சோம்பல்பட்டு இதாலயே ஆயுசுக்கும் அடிச்சிருக்கான். பாத்தீகளா, பேரு தெரியாது, ஊரு தெரியாது, ஆனா சோம்பேறின்னு மட்டும் தெரிஞ்சு போச்சு.

அந்தப் பொண்ணப் பத்தியே கேக்குறீகளே. ஸ்பேனரப் பத்திக் கேளுங்க சார். சரி, கேட்டது கேட்டுட்டீக, சொல்லீர்றேன். வர்ற வெள்ளிக்கிழமை அதப் பொண்ணு பாக்க வர்றாக. நாரணாபுரத்துல சொந்தமா பயர் ஆபீஸ் வச்சிருக்கிற குடும்பமாம். ஒங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டீகல்ல? பட்டாசுக் கம்பெனி சார். எங்க பக்கம் பயர் ஆபீஸ்னுதான் சொல்லுவாக. மாப்பிளைக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையாம், அம்மாவுக்கு ஒரே பிள்ளையாம். மொதலாளி விசாரிச்சு, சரின்னு வாக்கும் குடுத்துட்டாக. அந்தப் பொண்ணுதான் வேண்டாம்னு நிக்குது. மாப்பிளைய வேண்டாம்னு சொல்லல. பட்டாசு வேண்டாம்ங்குது.

ஏன்னா கேக்குறீக? எங்கக்காவ... அந்தப் பொண்ணோட அக்காவச் சொல்றேன், ஆர்த்தின்னு, நானும் அக்கான்னுதான் கூப்புடுவேன். அதத் தாயில்பட்டிப் பக்கம் குடுத்திருக்கு. அங்கயும் பயர் ஆபீஸ்தான். அக்கா வீட்டுக்காரரு தங்கமான மனுசன், இதுவரைக்கும் அவுக ஆபீஸ்ல ஒரு கீறல் விழுந்ததில்ல. ஆனா எங்கிட்டாச்சும் டமார்னு சத்தம் கேட்டாப் போதும், கல்யாண வீட்டு வெடியா இருந்தாலும், அக்கா தெருவுக்கு ஓடும். அது மட்டுமில்ல, தெருவே ஓடி வந்து நிக்கும். எந்தப் பக்கம் பொகைன்னு பாப்பாக. நம்ம ஆபீஸ் பக்கம் இல்லேன்னு தெரிஞ்சதும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம உள்ள போயிருவாக. ஏன்னா பொகை வர்ற பக்கம் ஆபீஸ் இருக்கிறவுகளும் அதே கூட்டத்துலதான நிப்பாக. தங்கச்சி லீவுக்குப் போயிருந்தப்ப அவளும் கூட ஓடி நின்னுருக்கா. அன்னையிலருந்து அவளுக்கு அந்தத் தெருவு வேண்டாம். அம்புட்டுத்தான்.

ஏன் சார் ஒங்களுக்கு இப்படி வேர்க்குது? பேன் பக்கமா வாங்கன்னா வர மாட்டேங்குறீக. என்னது? இப்பெல்லாம் முன்ன மாதிரி இல்லையா? பாதுகாப்பு எல்லாம் பாக்குறாகளா, ஒரு ரூமுக்கு இம்புட்டு ஆளுதான்னு கணக்கு இருக்கா, வெடிமருந்து கலக்குறது விடியக்காலக் குளுமையிலயே முடிச்சிர்றாகளா? அட, கோயம்புத்தூர்ல உக்காந்துக்கிட்டு எங்க ஊரு ஆபீஸப் பத்தி எம்புட்டு தெரிஞ்சு வச்சிருக்கீக! எதுக்கு சார் கோவப்படுறீக, ஒங்களையா சொன்னேன்?

என்னக் கேட்டா, அந்த மாப்பிளைதான் தப்பிக்கணும்னு சொல்லுவேன். பொண்ணு வேண்டாம்னா மொதலாளி குடுத்த வாக்கு போயிரும். பையன் வேண்டாம்னு சொல்லீட்டா ஒருத்தருக்கும் சேதாரமில்ல. பாத்துட்டுப் போயி, சாதகம் சேரல, ஒயரம் பத்தலன்னு ஒரு வார்த்த சொல்லி விட்டாப் போதும். அந்தப் பொண்ணும் லேசுப்பட்டது இல்ல சார். வாயி ஜாஸ்தி. தலைமுடியில எப்பவும் கிரீஸ் வாடை. படுக்கும்போது கட்டிலுக்கு அடியில இந்தப் பெட்டி இருந்தாத்தான் தூக்கம் வரும். நெனச்சுப் பாருங்க, அந்த வீட்டுல ஆபீஸ் பக்கம் இரும்பையே அண்ட விட மாட்டாக, இவ பெட்டி பெட்டியா இரும்போட போயி எறங்குனா எப்படி இருக்கும்? மாப்பிள மட்டும் என் கண்ணுல பட்டா, ராசா ஓடிப் போயிருன்னு சொல்லீருவேன். என்ன சார், சிரிக்கிறீகளா? பரவால்லயே, ஒங்களுக்குச் சிரிக்கவும் தெரியுது.

அது பித்தளை சார். நீங்க கையில எடுத்திருக்கீகளே, அது. இம்புட்டு நேரம் ஒவ்வொரு ஸ்பேனரையும் செத்த எலியத் தூக்குற மாதிரி ரெண்டு வெரலால தூக்குனீக. இத மட்டும் எடுத்த எடுப்புல முழுக் கையால பிடிச்சுட்டீக, பிடிக்க வேண்டிய எடத்துல பிடிச்சுட்டீக. பித்தளையில எதுக்கு சார் ஸ்பேனர் செய்யிறாக, தேஞ்சு போகாதா? ஆங், சரியாச் சொல்லீட்டீக. மருந்து இருக்கிற எடத்துல இரும்பும் இரும்பும் ஒரசுனாப் பொறி வரும், பித்தளையில வராது. புஸ்தகத்துல படிச்சீகளா? படிச்சுருப்பீக, படிச்சுருப்பீக.

கடைசியா ஒண்ணு இருக்கு. இது போன வாரம் வந்தது, இன்னும் பெட்டியில சேரல. கீழ இருக்கிற திருகச் சுத்துனா வாயி பெருசாகும், சிறுசாகும். அட்ஜஸ்ட் ஸ்பேனரு. பேரு எதுவும் தெரியல, எண்ணெயில ஊறப் போட்டு வச்சிருக்கேன். துரு எளகுனா எழுத்து ஏதாச்சும் தெரியும். திருகு சுத்துதான்னு கேக்குறீகளா? இறுகிப் போயிக் கெடக்கு. இந்த இரும்புக் கட்டை மேல வச்சு ஓங்கி ரெண்டு தட்டு தட்டுனா அசைஞ்சு குடுக்கும். தள்ளி உக்காருங்க. இந்தா பாருங்க...

யம்மா! சார்! சார், விடுங்க, ஒண்ணுமில்ல. கைய விடுங்க. பொறிதான் சார். இரும்புக்கடையில சுத்தியல் பட்டா பொறி பறக்கும், அது பாட்டுக்கு அணைஞ்சு போகும். இங்கன மருந்து இல்ல, கீழ கெடக்குறது வெறும் மண்ணு. மூச்ச விடுங்க. கால எடுத்து வைக்காதீக, டீ கிளாஸ் ஒடஞ்சு கெடக்கு, வெறுங்காலு. அசையாம அந்தச் சாக்கு மேல உக்காருங்க, நான் கூட்டி அள்ளீர்றேன்.  

இந்தாங்க, தண்ணி. குடிங்க, மணிகண்டராஜ்.

பாத்தீகளா, பேரச் சொன்னதும் நிமுந்துட்டீக. எழிலாம்ல, எழிலு, பொண்ண முன்கூட்டியே வேவு பாக்க வந்த நாரணாபுரத்து மாப்பிள.

நான்தான் பிரீத்திகா. ஒங்க வீட்டுக்கு அனுப்புன போட்டோவுல இருக்கிற பொண்ணு செவப்பா இருக்குன்னு பாக்குறீகளா, அது ஸ்டுடியோக்காரரு வேலை. நகையெல்லாம் சித்தியோடது. ஒங்க போட்டோவுலயாவது மீசை இருந்துச்சு. மாறுவேசத்துக்கு அத மழிச்சுட்டு வந்திருக்கீக. வெள்ளிக்கிழமைக்குள்ள வளந்துருமா? ஒங்கம்மா கேட்டா என்ன சொல்லப் போறீக? மூஞ்சியப் பாத்து நான் கண்டுபிடிக்கல. நீங்க மருந்து ரூமுக்குப் போற மாதிரி வாசல்ல செருப்ப விட்டீக, அப்புறம் அந்த இரும்புத் தூணுல உள்ளங்கைய ஒரு தடவ வச்சு எடுத்துட்டுத்தான் காலு உள்ள வந்துச்சு. தாயில்பட்டியில அத்தான் இப்படித்தான், வீட்டுக்குள்ள வர்றதுக்கும் கேட்டத் தொட்டுட்டுத்தான் வருவாக. மருந்து ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ஒடம்புல இருக்கிற கரண்டு எறங்கணும்னு வாசல்ல பதிச்சிருக்கிற தகட்டத் தொட்டுத் தொட்டு அந்தக் கை அப்படியே பழகிப் போச்சு. ஒங்க நகக்கண்ணுலயும் பட்டாசுக்குப் போடுற வெள்ளிப்பொடி மின்னுது. ஆபீஸ்ல சேர்ல உக்காந்து ஆர்டர் எழுதுற மொதலாளிக்கு அங்கன எப்படி வரும், நீங்களே மருந்துல கை வச்சாத்தான வரும்? அப்பத்தான் மூஞ்சிய நல்லாப் பாத்தேன்.

கடைக்கு வர்ற ஆம்பளைக எல்லாரையும் அண்ணேன்னுதான் கூப்புடுவேன். ஒங்கள வந்ததுலருந்து சார் சார்னப்பவே நீங்க சுதாரிச்சிருக்கணும். வாய் தவறி அண்ணேன்னு கூப்புட்டுட்டா பெறகு அத அழிக்க முடியாதுல்ல.

பொய் சொல்லல, ஒங்க வாயாலயே வேண்டாம்னு சொல்ல வச்சு அனுப்பலாம்னுதான் இம்புட்டும் பேசுனேன். அக்கா கதை, கிரீஸ் வாடை, ஓடிப் போயிரு ராசா, எல்லாம் அதுக்குத்தான். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. சுத்தியல எடுத்தப்பக்கூட, பயந்து எந்திரிச்சுத் தெருவுக்கு ஓடுவீக, சிரிச்சு அனுப்பீறலாம்னுதான் எடுத்தேன்.

வாசல் ஒங்க முதுகுக்குப் பின்னாலயே இருந்துச்சு. திரும்பி ஒரு எட்டு வச்சா தெருவு. ஒங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுக்கிறதும் அதுதான், ஏதாச்சும்னா யாரையும் பாக்காத, மொதல்ல வெளிய ஓடுன்னு. அத்தான் சொல்லிக் கேட்டிருக்கேன். நீங்க ஓடல. உள்ள வந்தீக. என்ன இழுத்துப் பின்னால தள்ளிட்டு, அந்தக் கட்டைக்கு நேரா ஒங்க முதுகக் குடுத்துட்டு நின்னீக. நான் யாருன்னுகூட அப்ப ஒங்களுக்குத் தெரியாது. வேலைக்கு இருக்கிற பொண்ணுன்னுதான நெனச்சுக்கிட்டு இருந்தீக.  அதுக்கு மேல வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயி வரல.

பயம் போயிருச்சான்னு கேக்காதீக. போகல. அது எங்கயும் போகாது, எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம், பாதுகாப்பப் பத்தி மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வாங்க. தூணத் தொடுங்க, தொடாமக் கெடங்க, ஆனா செருப்பு போட்டுக்கிட்டு வாங்க. எங்கப்பா முன்னாடி என்ன மொதத் தடவ பாக்குற மாதிரி பாருங்க, நான் தலையக் குனிஞ்சுக்கிறேன். அந்தப் பெட்டி என்கூட வரும், அத ஒங்கம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். வீட்டுலதான் வைப்பேன், ஆபீஸ் பக்கம் கொண்டு போக மாட்டேன்.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு. தெனமும் மருந்து ரூம விட்டு வெளிய வந்து கை கழுவுனதும் எனக்குப் போன் அடிக்கணும். பேச வேண்டாம், ரிங் போனாப் போதும், எடுக்கக்கூட மாட்டேன். அந்த ரிங் கேட்டாத்தான் நான் சோத்துல கை வைப்பேன். போர்டுல இருக்கிறது அப்பா நம்பரு, அதுக்கு அடிச்சுத் தொலைச்சிராதீக. இந்தாங்க, என் நம்பரப் போட்டுக்கோங்க. கெளம்புங்க, முனியராஜண்ணன் வண்டி வர்ற நேரம். வழியில எங்கயும் நிக்காம நாரணாபுரம் போயிச் சேந்ததும் அடிங்க. நான் இன்னும் சாப்புடல.